பதினோரு குறைகள் உள்ள வீடு

அந்த வக்கீலுக்கு அம்மா அப்பா ஆசையாக வைத்த பேர் ஒன்று உண்டு. வாசல் பலகையில் அது இருக்கிறது, அதோடு சரி. ஊரில் எல்லாருக்கும் அவர் வில்லங்க வக்கீல்தான்.

ஆள் வம்புக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. பரம சாது. வீடு வாங்கப் போகிறவர்கள் பத்திரக் கட்டை அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். விற்கிறவருக்கு விற்கும் உரிமை இருக்கிறதா, நாளைக்கே ஒரு தம்பியோ தங்கையோ எனக்கும் பங்கு உண்டு என்று வாசலில் வந்து நிற்பார்களா, எல்லாவற்றையும் அலசிப் பார்த்து 'ஒப்பீனியன்' எழுதிக் கொடுப்பது அவர் தொழில். முப்பத்தைந்து வருஷமாக எழுதிக் கொடுக்கிறார். அத்தனையிலும் 'வாங்கலாம்' என்ற சொல் மட்டும் ஒரு தடவைகூட வந்ததில்லை. குறைகளை வரிசை எண் போட்டு அடுக்கி, கடைசியில் 'மேற்கண்டவை தீர்ந்தால் மறுபடி பரிசீலிக்கலாம்' என்று முடிப்பார். இல்லாத குறையை எழுத மாட்டார், அதுதான் கொடுமை. தாத்தா இறந்ததற்குச் சான்று இல்லை என்று எழுதுவார். தேடிப் போனால் நிஜமாகவே இருக்காது.

"என்கிட்ட வந்த ஒருத்தர்கூட வாங்கின வீட்டை இழந்ததில்ல" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார். வாஸ்தவம்தான். இழப்பதற்கு முதலில் வாங்கியிருக்க வேண்டுமே.

தரகர்கள் அவரைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் தாண்டிப் போய்விடுவார்கள். அவர் ஒரு வீட்டைப் பற்றி எழுதிய காகிதம் வெளியே வந்துவிட்டால் அப்புறம் அந்த வீட்டை யாரும் சீந்த மாட்டார்கள்.

இப்படிப்பட்டவருக்குச் சொந்த வீடு இருக்குமா? முப்பத்தொரு வருஷமாக ஒரே மாடிப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தார். அந்த வீட்டுப் பத்திரத்திலும் நாலு குறை கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆனால் அது வீட்டுக்காரர் தலைவலி, நமக்கென்ன என்று நிம்மதியாகத் தூங்கினார். அவர் மனைவிதான் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கவில்லை. வீட்டுக்காரர் சுவரில் ஆணி அடிக்க விடமாட்டார். முப்பத்தொரு வருஷமும் நாட்காட்டி ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது. காற்றடித்தால் கிழமைகள் புரண்டுகொண்டே இருக்கும். கேட்காமல் ஓர் ஆணி அடிக்கிற மாதிரி ஒரு சுவர் வேண்டும் என்பதுதான் அந்த அம்மாளுக்கு இருந்த ஒரே ஆசை. கல்யாணமான புதிதில் அதைச் சொல்லியும் இருக்கிறாள். அவர் 'ம்' என்றார். அந்த 'ம்' இன்னும் முடியவில்லை.

ஒருநாள் வீட்டுக்காரர் மாடி ஏறி வந்தார். கட்டடத்தை விற்றுவிட்டேன், இடிக்கப் போகிறார்கள், இரண்டு மாசத்தில் காலி பண்ணிக் கொடுங்கள் என்றார். வாங்கியவர் பத்திரத்தை வில்லங்க வக்கீலிடம் காட்டவில்லை. அதனால்தான் அவரால் வாங்க முடிந்தது.

அடுத்த திங்கட்கிழமை காலை, அவர் ஆபீசுக்குக் கிளம்பும்போது மனைவி ஒரு துணிப்பையை நீட்டினாள். உள்ளே நூல் கட்டிய பத்திரக் கட்டு.

"இதப் பாத்து எழுதிக் குடுங்க."

"யாருது?"

"தெரிஞ்சவங்க. வாங்கறவங்களும் தெரிஞ்சவங்கதான்."

"அவசரமா?"

"இல்ல, பொறுமையாப் பாருங்க. இத்தன வருஷம் பொறுத்தாச்சு."

அந்தக் கடைசி வாக்கியத்தில் அவர் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்க வேண்டும். போடவில்லை. காகிதத்தில் இருப்பதைத்தான் அவர் படிப்பார்.

ஆபீசில் குமாஸ்தா வழக்கம்போல் இரண்டு சிவப்புப் பென்சில்களைச் சீவி வைத்தார். இருபத்தைந்து வருஷமாகக் கூட இருப்பவர். ஒரு கட்டுக்கு எத்தனை பென்சில் தேயும் என்று நூலின் முடிச்சைப் பார்த்தே சொல்லிவிடுவார். மத்தியானம் வந்து எட்டிப் பார்த்தார். இரண்டு பென்சிலும் சீவினபடியே கிடந்தன.

"என்ன சார், உடம்புக்கு முடியலயா?"

"ஒண்ணும் கிடைக்கலய்யா."

குமாஸ்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் சொந்தக்காரர் இறந்ததற்குச் சான்று இருந்தது. வாரிசுச் சான்று இருந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணன், தங்கை, தம்பி மூன்று பேருக்குமாக எழுதிய பாகப் பிரிவினைப் பத்திரம் இருந்தது. அதில் தம்பி கையெழுத்துப் போடவில்லையே என்று வக்கீல் ஆவலோடு பென்சிலை எடுத்தால், அடுத்த காகிதமே, தன் பங்கை விட்டுக்கொடுத்துத் தம்பி எழுதிய விடுதலைப் பத்திரம். எட்டு மணி நேர ரயில் பயணத் தூரத்தில் ஏதோ ஓர் ஊரில் பதிவானது. உட்பிரிவு செய்த புது சர்வே எண்ணுக்கு வரைபடம் இருந்தது. பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும் ஒரே வீடுதான் என்று நகராட்சி எழுதிக் கொடுத்த கடிதம்கூட இருந்தது. உலகத்தில் எவனும் அந்தக் கடிதத்தை வாங்குவதில்லை. வக்கீல் மட்டும்தான் அதைக் கேட்பார்.

"குறையே இல்லாத பத்திரம்னா ஒண்ணுதான் அர்த்தம், போலி" என்றார்.

குமாஸ்தாவைப் பதிவு அலுவலகத்துக்கு ஓட்டினார். அவர் இரண்டு நாள் அலைந்து நகல் எடுத்து வந்தார். எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போயின. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மறுபடி படித்தார். வியாழக்கிழமை சாயங்காலம் அவருக்கு நிஜமாகவே காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. குறை இல்லை என்றால் என்ன எழுதுவது? அந்த வாக்கியம் எப்படி ஆரம்பிக்கும் என்றே அவருக்குத் தெரியவில்லை.

மிச்சம் இருந்தது ஒன்றுதான். நேரில் போய் அளப்பது. பத்திரத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒத்துப்போன வீடு இந்த உலகத்தில் கிடையாது என்பது அவர் நம்பிக்கை. வெள்ளிக்கிழமை காலை டேப்பை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார்.

ஓட்டு வீடு. முன்னால் இரண்டு எட்டு வைக்கிற மாதிரி சின்னக் காலி இடம், இடுப்பளவு சுவர். டேப்பின் நுனியைச் சுவர் மூலையில் மாட்டிவிட்டு நடந்தார். அளவு சரியாக இருந்தது. பக்கவாட்டில் பார்த்தார். ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை, குறையவில்லை. நெற்றியில் வேர்த்தது.

கதவு திறந்தது. கழுத்தில் இஞ்சு டேப் மாலையாகத் தொங்க, அறுபதை நெருங்கும் ஓர் அம்மாள் நின்றாள். தெருமுனைப் பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்த தையல்காரம்மாள்.

"வாங்க சார். இந்தத் தடவையாவது உள்ள வாங்க."

"இந்தத் தடவையா?"

"போன தடவ வாசல்லயே நின்னு அளந்துட்டுப் போயிட்டீங்க. இருபத்திரண்டு வருஷம் இருக்குமா?"

அவருக்கு ஞாபகம் வரவில்லை. வராது. வீடுகளை அவர் குறைகளால்தான் அடையாளம் வைத்திருப்பார். குறை இல்லாத வீட்டுக்கு அவரிடம் முகமே கிடையாது. உள்ளே போய், தையல் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் மெஷின் இழுப்பறையைத் திறந்து, பாபின்களுக்கு அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தாள்.

பார்த்த உடனே தெரிந்தது. அவருடைய ஒப்பீனியன். அவர் வீட்டுப் பழைய டைப்ரைட்டரில் 'ர' மட்டும் எப்போதும் கொஞ்சம் மேலே ஏறி அடிக்கும். இதிலும் ஏறியிருந்தது. ஒன்றிலிருந்து பதினொன்றுவரை குறைகள். கீழே, மேற்கண்டவை தீர்ந்தால் மறுபடி பரிசீலிக்கலாம்.

ஒவ்வொரு குறைக்கும் எதிரே பச்சை மையில் ஒரு டிக்கும் தேதியும் இருந்தன. கையெழுத்து அவர் மனைவியுடையது.

அந்தக் காலத்தில் அவருடைய ஒப்பீனியன்களை மனைவிதான் டைப் அடிப்பாள். சாப்பாட்டு மேஜையில் தட்டுகளை ஒதுக்கிவிட்டு டைப்ரைட்டரை வைப்பாள். அவர் அறைக்குள் நடந்துகொண்டே சொல்வார். அவள் ஆசைப்பட்ட வீட்டை ஏன் வாங்கக் கூடாது என்பதற்குப் பதினோரு காரணங்களை அவளையே டைப் அடிக்க வைத்திருக்கிறார். கார்பன் வைத்து, இரண்டு நகல்.

"நீங்க வேண்டாம்னு எழுதினது ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு" என்றாள் தையல்காரம்மாள். "அப்புறம் வீட்டப் பாக்கக்கூட ஒரு ஆளு வரல. தெரிஞ்சவங்க வீடுன்னு சொல்லிப் பத்திரத்த அன்னிக்கும் உங்ககிட்ட குடுத்தது உங்க வீட்டம்மாதானே, அவங்க ஒருநாள் வந்தாங்க. என்னாலதான் அக்கா உங்களுக்கு இப்படி ஆச்சுன்னு அழுதாங்க. அழுது என்ன பிரயோஜனம், இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுன்னேன். படிச்சாங்க. ஒண்ணாவது குறை இறப்புச் சான்றுதானேக்கா, போய் வாங்கிடலாம்னாங்க. அப்படித்தான் ஆரம்பிச்சுது."

ஒன்றாவது குறை தீர ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஓடிப்போன தம்பியைக் கண்டுபிடிக்க ஆறு வருஷம். அவன் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது இரண்டு பெண்களும் ரயிலேறிப் போய், அவன் தலைமாட்டில் மூன்று நாள் உட்கார்ந்திருந்து, எழுந்து நடந்ததும் கையெழுத்து வாங்கி வந்தார்கள். நகராட்சிக் கடிதத்துக்கு மட்டும் நாலு வருஷம், ஏனென்றால் அப்படி ஒரு கடிதம் உண்டு என்பதே நகராட்சிக்குத் தெரியாது.

மாசத்தில் இரண்டு சனிக்கிழமை மனைவி தையல்காரியிடம் போய்வருவது வக்கீலுக்குத் தெரியும். அறுபது வருஷத்துப் பழைய பத்திரத்தில் ஒரு சாட்சியின் அப்பா பேர் விட்டுப்போனதைக் கண்டுபிடிக்கிற மனுஷர். இருபத்திரண்டு வருஷம் தையல்காரியிடம் போய்வந்தவள் ஒரு தைத்த துணியோடுகூடத் திரும்பி வந்ததில்லை என்பது அவர் கண்ணில் படவே இல்லை.

"எனக்கு வயசாயிடுச்சு சார், பொண்ணு வீட்டோட போகப் போறேன்" என்றாள் அந்த அம்மாள். "இந்த வீட்ட அவங்களுக்குத்தான் தரப் போறேன். அதோ சுவத்துல இருக்கே, அந்த ஆணி அவங்க அடிச்சதுதான். பத்தாவது குறை தீர்ந்த அன்னிக்கு சுத்தியல் கேட்டு வாங்கி அடிச்சாங்க."

எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கு, ஓர் ஆணி இருந்தது. அதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தார். பையிலிருந்து பத்திரக் கட்டை எடுத்து மறுபடி புரட்ட ஆரம்பித்தார். பாகப் பிரிவினைப் பத்திரம். மூன்றாவது பக்கம். 'வயது பதினெட்டு பூர்த்தியான' தங்கை. தங்கை யார்? எதிரில் நிற்கிற தையல்காரம்மாள்தான். அவளுடைய பள்ளிச் சான்றிதழ் கட்டின் நடுவில் இருந்தது. பிறந்த தேதியைப் பார்த்தார். பத்திரத் தேதியைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

பத்தொன்பது நாள் குறைந்தது.

அந்தத் தேதியில் அவள் மைனர். மைனர் போட்ட கையெழுத்து! நாலு நாளாக வராத ரத்தம் அவர் முகத்துக்கு வந்தது. காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு, காப்பி போடப் போன அம்மாளிடம் சொல்லிக்கொள்ளாமல்கூடக் கிளம்பிவிட்டார்.

பாதி வழியில்தான் நடை தளர்ந்தது. அந்தக் குறையால் யாருக்கு என்ன ஆகிவிடும்? பத்திரம் செல்லாது என்று அந்தப் பெண்தான் கேட்டிருக்க முடியும். அதுவும் பதினெட்டு முடிந்து மூன்று வருஷத்துக்குள். அது காலாவதியாகி முப்பத்தேழு வருஷம் ஆகிறது. அதோடு, தனக்கே கிடைத்த வீட்டை எனக்கு வேண்டாம் என்று அவள் எதற்கு வழக்குப் போடப் போகிறாள்? பல் இல்லாத குறை. வக்கீலுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் குறை குறைதானே. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தான் அதை எப்படி விட்டோம் என்பது வேறு உறுத்தியது. பன்னிரண்டாவது என்று எண் போட்டு எழுதினால் தன் தொழில் நிலைக்கும். எழுதாவிட்டால் மனைவிக்கு வீடு கிடைக்கும். தெருவில் நின்று யோசிக்கிற விஷயமா இது? நின்றார்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி அட்டைப் பெட்டிகளில் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வந்தீங்களா?"

"ம்."

"காப்பி போட்டு வச்சிட்டுத் தேடினாங்களாம். போன் பண்ணாங்க."

அவர் உட்கார்ந்தார். எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது. வாயைத் திறந்தால் வந்தது இதுதான்: "ஒண்ணு இருக்கு."

"பத்தொம்பது நாளா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, பீரோவிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தாள். அண்ணன், தங்கை, தம்பி மூவரும் பழைய பாகப் பிரிவினையை முழுசாக ஒப்புக்கொள்கிறோம் என்று சத்தியம் செய்து கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் பத்திரம். தேதி, பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குப் பன்னண்டு வருஷம் டைப் அடிச்சிருக்கேனே. ஒண்ணுகூடவா மண்டைல ஏறாது?"

"அப்ப இத ஏன் கட்டோட வைக்கல?"

"உங்களுக்காகத்தான் தனியா எடுத்து வச்சேன். ஒண்ணாவது நீங்களா கண்டுபிடிக்கலன்னா உங்களுக்குத் தூக்கம் வராதே."

அவர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தன்னை இவ்வளவு நுணுக்கமாகப் படித்து வைத்திருக்கிறாள். தான் அவளைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அவ்வளவு ஆசையா இருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே" என்றார், குரலே எழும்பாமல்.

"பதினோரு குறையும் நீங்க சொல்லச் சொல்ல நான் அழுதுகிட்டேதான் டைப் அடிச்சேன். நீங்க நடந்துகிட்டே இருந்தீங்க. ஒரு தடவ நின்னு என் மூஞ்சியப் பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

அவள் மறுபடி பாத்திரங்களிடம் போய்விட்டாள். அவர் வெகுநேரம் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதினார். ஒரே ஒரு வரி. வரிசை எண் கிடையாது. 'இந்த வீட்டை வாங்கலாம்.' கீழே கையெழுத்தும் தேதியும். மறுநாள் அதைப் பார்த்த குமாஸ்தா, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

பத்திரப் பதிவு அடுத்த மாசம். கிரயப் பத்திரத்தை மனைவியே டைப் செய்திருந்தாள். 'வாங்குபவர்' என்ற இடத்தில் அவள் பேர் மட்டும்தான் இருந்தது. பணம், அவருக்கு டைப் அடிப்பதை விட்ட பிறகு அவள் வெளியில் டைப் வேலை பார்த்துச் சேர்த்த பணம். வக்கீல் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன வாய் இருக்கிறது?

பதிவு அலுவலகத்தில் அவரைக் கண்டதும் பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். மரியாதைக்கு இல்லை, யாருடைய பதிவு இன்றைக்கு நிற்கப் போகிறதோ என்ற பயம். பதிவு அதிகாரி பத்திரத்தைப் புரட்டினார்.

"ரெண்டாவது சாட்சி யாரு?"

"நான்தான்" என்றார் வில்லங்க வக்கீல்.

மூக்கில் விரல் வைக்காத ஆள் இல்லை. ஆயுசில் அவர் எந்தப் பத்திரத்துக்கும் சாட்சிக் கையெழுத்துப் போட்டதில்லை.

"முழுசாப் படிச்சுப் பாத்துட்டீங்களா சார்?" என்று கேட்டார் அதிகாரி, பயபக்தியோடு.

"இல்ல. எங்க போடணும்?"

காட்டிய இடத்தில் போட்டார். அதிகாரி பேனாவை எடுத்தார். "சாட்சியோட விலாசம் சொல்லுங்க சார்."

மாடிப் போர்ஷன் சாவியை நேற்றுத்தான் வீட்டுக்காரரிடம் கொடுத்தாயிற்று. பெட்டிகள் ஒரு வண்டியில் ஏறி வாசலில் நிற்கின்றன. அந்த வீடு அவருடையது இல்லை, இந்த வீடும் அவருடையது இல்லை. முப்பத்தைந்து வருஷமாக ஊரில் உள்ள அத்தனை விலாசங்களையும் கேள்வி கேட்டவருக்கு, கேட்டால் சொல்ல ஒரு விலாசம் கிடையாது.

மனைவியைத் திரும்பிப் பார்த்தார். நின்று, முகத்தை நேராகப் பார்த்தார்.

அவள் கைப்பையை மூடினாள். தையல்காரம்மாளைப் பார்த்தாள். அந்த அம்மாள் கூரையைப் பார்த்தாள். அதிகாரியின் பேனா காத்திருந்தது.

"இந்த வீட்டு விலாசத்தையே போட்டுக்குங்க சார்" என்றாள் கடைசியில். "இப்போதைக்கு."

இப்போதைக்கு என்றால் எதுவரைக்கும்? எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த நிபந்தனையில்? வேறு யாருடைய பத்திரத்திலாவது அந்த வார்த்தை இருந்திருந்தால் வக்கீல் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருப்பார். சட்டைப் பையில் பென்சில் இருந்தது. கை அந்தப் பக்கமே போகவில்லை.

"எழுதிக்குங்க" என்றார் அதிகாரியிடம்.